அரைப் பேர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
பார்மசியின் இரண்டாம் மாடி.
மூன்று மேசை, ஒரு ரவுட்டர்,
கூரை ஒழுகும் மூலையில் ஒரு வாளி.
இதுதான் தலைமை அலுவலகம்.

ஓகஸ்டில் பதினேழு ஆட்டோ.
டிசம்பரில் முந்நூற்று நாற்பது.
கொழும்பிலிருந்து திரையில் வந்தவர்
கோட்டைப் பார்த்து, அருமை என்றார்,
இன்னும் செங்குத்தாக வேண்டும் என்றார்.
செங்குத்து எங்களுக்குத் தெரியும் சார்.
நோர்வூட் ஏற்றத்தில், மழையில்,
நாலு பேரை ஏற்றி
முதல் கியரில் போய்ப் பாருங்கள்.
சொல்லவில்லை.
மைக் மியூட்டில் இருந்தது.

முதல் சவாரி இலவசம் என்றோம்.
ஊரே அன்றுதான் பிறந்ததுபோல்
எல்லோரும் முதல் சவாரியே போனார்கள்,
ஒரே ஆள் ஐந்து சிம்மில்
ஐந்து தடவை முதலாவதாக.
டிக்கோயா ஸ்டாண்டில் இரண்டு பேர்
ஒருவரை ஒருவர் புக் பண்ணிவிட்டு
பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஆட்டோ நகரவில்லை.
கோடு ஏறியது.

வரைபடத்துக்கு மலை தெரியாது.
காசல்ரீ நீர்த்தேக்கத்தின்
இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்
இரண்டு கிலோமீற்றர் என்று
தண்ணீர்மேல் நடந்து காட்டும்.
சுற்றிப் போனால் பதினொன்று.
லயத்துக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை.
"மேக்கணக்கு, ரெண்டாவது லயம், கொய்யா மரத்து வாசல்."
அழைப்பில் கேட்டுக் கேட்டு
ஒவ்வொன்றாகப் புள்ளி குத்தினேன்.
ஆயிரத்து அறுநூறு வாசல்.
முதலீட்டாளரின் அட்டவணையில்
அதற்கு ஒரு கட்டம் இல்லை.

பெப்ரவரியில் நவரூபன் விதி கொண்டுவந்தான்.
நாளுக்குப் பன்னிரண்டு சவாரி,
ஒன்று குறைந்தாலும் ஊக்கப்பணம் பாதி.
செயலியில் சேர்த்தது நான்தான்.
நாலு வரி.

அன்றிரவு எட்டரைக்கு
பொகவந்தலாவையிலிருந்து புஷ்பகாந்தன்:
"பதினொண்ணு ஓடிட்டேன் மிஸ்.
பனி. ரோடே தெரியல, நிப்பாட்டிட்டேன்.
அப்ப இன்னைக்கு எனக்கு
அரைப் பேரா?"

அரைப் பேர்.
கிலோ குறைந்த நாளில்
அம்மாவுக்குச் செக்ரோலில் விழுந்தது.
வாய்ப்பாட்டுக்கு முன்பே நான் கற்ற கழித்தல்.
அதிலிருந்து வெளியேறத்தான் படித்தேன் என்று
இரண்டு பேட்டியில் சொல்லியிருக்கிறேன்.
படித்து
அதையே எழுதியிருக்கிறேன்,
பிழையில்லாமல்,
முதல் தடவையிலேயே ஓடியது.

விதியை எடுப்போம் என்றேன்.
வளர்ச்சி நின்றால் காசு நிற்கும் என்றான் நவரூபன்.
அதுவும் பொய்யில்லை.
சேர்வர் பில் டொலரில் வருகிறது.
பார்மசிக்காரர் வாடகைக்காக
படியேறாமல் கீழிருந்தே இருமுவார்.
மூன்று நாள் சண்டை.
வாளி நிறைந்தது, யாரும் ஊற்றவில்லை.

பிறகு பதுளையை மூடினோம்.
வெலிமடையை, நுவரெலியாவை.
இலவசத்தை நிறுத்தினோம்.
கோடு சறுக்கி விழுந்தது.

தேயிலையை அதன்பாட்டில் விட்டால்
மரமாகும் சார், கொழுந்து கைக்கு எட்டாது,
அதனால்தான் கவ்வாத்து என்றேன்.
நல்ல உவமை, ஸ்லைடில் போடலாம் என்றார்.
அடுத்த காலாண்டில் பேசுவோம் என்றார்.
பேசவில்லை.
கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருக்கிறீர்களா?
எரிந்த மாதிரி இருக்கும்.
எது துளிர்க்கும், எது பட்டுப்போகும் என்று
வெட்டியவனுக்கும் மாதக்கணக்கில் தெரியாது.

இப்போது ஜூன்.
இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டோ.
கொய்யா மரத்து வாசலிலிருந்து
இந்த மாதம் ஒன்பதாவது அழைப்பு,
முழுக் காசுக்கு.
வாடகை ஒரு மாதம் பாக்கி.

புதிதாக ஒரு பொத்தான் வைத்தோம்.
பெயர்: பனி.
அழுத்தினால் வண்டி நிற்கலாம்,
கணக்கில் எதுவும் கழியாது.
ஏமாற்றுவார்கள் என்றான் நவரூபன்.
சிலர் ஏமாற்றுவார்கள் என்றேன்.

இன்று பின்னேரம் நாலு மணிக்கு
என் திரையில் புள்ளிகள் அணையத் தொடங்கின.
நோர்வூட், மஸ்கெலியா, பிறகு டிக்கோயா,
அறுபத்தொரு பேர்.
எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.

சரிதான்.
பஸ் நிலையமே தெரியவில்லை.